மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் காட்டுத்தாரா பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளக்கட்டில் பைனாகுலரோடு நிற்பவரிடம் வழியால் போகிறவர்கள் நின்று கேட்கும் கேள்விகளும், வெளியூரிலிருந்து வர விரும்புகிறவர்கள் புறப்படுமுன் கேட்கும் கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன. விடைகள் எங்கள் வாவியையும் வட்டைகள் என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எந்தத் தாராவைப் பற்றிப் பேசுகிறோம்?

சீழ்க்கைத் தாராவைப் பற்றி. ஊரில் பலர் காட்டுத்தாரா என்பார்கள், சிலர் மரத்தாரா என்பார்கள். விலங்கியல் பெயர் டென்ட்ரோசிக்னா ஜவானிக்கா. ஜாவாவில் கிடைத்த பறவையை வைத்து 1821இல் தோமஸ் ஹோர்ஸ்ஃபீல்ட் இதை விவரித்ததால் பெயரில் ஜாவா ஒட்டிக்கொண்டது. ஆனால் பாகிஸ்தானிலிருந்து இந்தோனேசியா வரை பரந்து வாழும் பறவை இது. இலங்கையின் தாழ்நிலக் குளங்களில் ஆண்டு முழுவதும் இருக்கும்.

ஆண்டு முழுவதும் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் களப்புகளுக்கு வரும் தாராக்களில் பல ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும் விருந்தாளிகள். சீழ்க்கைத் தாரா இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே குஞ்சு வளர்த்து, நம் வெள்ளத்தையும் வரட்சியையும் நம்மோடு சேர்ந்து தாண்டுகிறது. அதிகம் காணப்படுவதாலேயே அதிகம் கவனிக்கப்படாத பறவை இது. பறவை பார்க்கத் தொடங்கும் ஒருவர் அரிய பறவை ஒன்றைத் தேடி அலைவதைவிட, இந்த ஒரு தாராவை ஓராண்டு தொடர்ந்து பார்த்தால் தன் ஊரின் தண்ணீரைப் பற்றி நிறைய அறிந்துகொள்வார்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

உடல் நீளம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். எடை அரைக் கிலோ அளவு. வளர்ப்புத் தாராவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மெலிந்ததாகவும் கழுத்து நீண்டதாகவும் தெரியும். உடல் முழுவதும் மண்ணிறம், தலை உச்சி மட்டும் கருமை கூடியது. முதுகு இறகுகளின் ஓரம் வெளிறியிருப்பதால் அடுக்கடுக்காகத் தோன்றும். வாலுக்கு மேலே செங்கபிலம். சொண்டும் காலும் சாம்பல் கறுப்பு. நல்ல வெளிச்சத்தில், அருகில் கிடைத்தால், கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் தெரியும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. வெளியிலிருந்து பார்த்து எது ஆண் என்று சொல்லும் முயற்சியை விட்டுவிடலாம்.

பறக்கும்போதுதான் இதை அடையாளம் காண்பது மிகச் சுலபம். செட்டை அகலமானது, நுனி உருண்டையானது, அடிப்பது சற்று மெதுவாக. கழுத்து உடலைவிடக் கொஞ்சம் தாழ்ந்து தொங்கும், கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டு தெரியும். வலசை வரும் சிறு தாராக்கள் விர்ரென்று நேராகப் போய்விடும். இது அப்படியல்ல. பறந்துகொண்டே சத்தமும் போடும்.

அந்தச் சீழ்க்கை வாயாலா, செட்டையாலா?

இரண்டாலும். பறக்கும்போது தொடர்ந்து கேட்கும் இரண்டு அசைச் சீழ்க்கை தொண்டையிலிருந்து வருவது. அதோடு, செட்டையின் வெளி இறகு ஒன்றின் உள்விளிம்பு வெட்டுப்பட்டதுபோல அமைந்திருப்பதால், கூட்டம் தலைக்கு மேலே தாழப் போகும்போது இன்னொரு மெல்லிய ஊதலும் சேரும். காற்றில்லாத மாலையில் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். வீட்டுத்தாரா மாதிரி இது கத்தவே கத்தாது.

இருட்டிய பிறகு வீட்டு முற்றத்தில் இருந்தபடியே, வானத்தில் சீழ்க்கை போவதைக் கேட்டிருப்பீர்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வளர்ந்த பலருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். எழுப்புவது எந்தப் பறவை என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கும்.

எங்கே போனால் பார்க்கலாம்?

முதலில் எங்கே போகக்கூடாது என்று சொல்லிவிடலாம். கல்லடிப் பாலத்தில் நின்று தேடினால் கிடைக்காது. முகத்துவாரம் பக்கமும் அப்படித்தான். அங்கே தண்ணீர் ஆழம், உப்பு அதிகம், வள்ளங்களின் ஓட்டமும் அதிகம். நீர்க்காகமும் ஆலாவும் கொக்கும் அங்கே இருக்கும். சீழ்க்கைத் தாராவுக்கு அது இடமில்லை.

இந்தப் பறவை தேடுவது ஆழமற்ற நன்னீர், நடுவே தாமரையோ அல்லியோ, ஓரத்தில் பன் என்னும் கோரைப்புல்லும் பற்றையும், கூப்பிடு தூரத்தில் வயல். இந்த நான்கும் சேர்ந்த இடம் நம் இரு மாவட்டங்களிலும் குறைவில்லை. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே கடல்நீர் ஏறும், தெற்கே போகப்போக ஆறும் வயல் வடிச்சலும் வந்து விழுந்து உப்புக் குறையும். ஆகவே களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, துறைநீலாவணைப் பக்கம், எதிர்க்கரையில் வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கம் வாவி வயலோடு சேரும் விளிம்புகளைப் பாருங்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகும் வீதிகளில் சிறு குளங்கள் பல. பெயர் பெற்ற பெரிய குளத்தைவிட, வட்டை நடுவே கிடக்கும் பெயர் தெரியாத சிறு குளத்தில் பறவை நெருக்கமாகக் கிடைக்கும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் படுவான்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஒரே நாளில் இரு கரையிலும் நிற்பது எளிதாகிவிட்டது.

அம்பாறைக் கரையோரத்தில் திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்துக் களப்பும் சாகாமம் குளமும், அதற்குத் தெற்கே கோமாரி, பொத்துவில், பாணமை வரை கடலுக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்கும் களப்புகளும் வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் குமண தேசியப் பூங்கா. அந்தப் பூங்காவின் உள்ளே ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்புள்ள குமண வில்லு, கும்புக்கன் ஓயாவின் தண்ணீரால் நிறைவது. 1938இல் பறவைகள் சரணாலயமாகத் தொடங்கிய இடம் அது. 2010இல் குமணச் சதுப்பு நிலத் தொகுதி, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமி அங்கும் புகுந்து கண்டல் மரங்களை அழித்தது. ஒகந்தையில் அனுமதிச்சீட்டு எடுத்து வாகனத்தில்தான் உள்ளே போக வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. செலவும் அதிகம். சீழ்க்கைத் தாரா ஒன்றுக்காக மட்டும் குமண போகத் தேவையில்லை. நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் சேர்த்துப் பார்க்க விரும்பினால் போங்கள்.

கடற்கரையிலேயே, கடல் தண்ணீரில் இருக்குமா?

கரையோரக் களப்பில் பகலில் மிதந்து ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். திறந்த கடலில் இது தங்குவதில்லை. கடலலைக்கும் நன்னீர் வில்லுக்கும் நடுவே ஒரு மணல் திட்டுத்தான் இருக்கும் என்பது நம் கரையின் அமைப்பு. அதனால் ஒரு பக்கம் அலை இரைய, மறு பக்கம் தாரா மேய்வதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

எந்த மாதம் நல்லது?

எந்த மாதமும் நல்லது, ஆனால் ஒவ்வொன்றிலும் பார்ப்பது வேறு.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்றடிக்கும் காலத்தில் வில்லுகள் வற்றும். மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடித் தாராக்கள் சில குளங்களில் குவியும். எண்ணிக்கை பார்க்க அதுவே காலம். நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடைக்கும், ஒளிந்துகொள்ளப் புல்லும் குறைவு.

மாரி தொடங்கிக் குளங்கள் நிறைந்ததும் கூட்டம் கலையும். சோடி சோடியாகப் பிரிந்து வட்டைகளிலும் பன்பற்றைகளிலும் மறைந்துவிடும். "தாரா எல்லாம் போயிட்டுது" என்று அப்போது சொல்வார்கள். போகவில்லை, கூடு கட்டுகின்றன. நல்ல மழைக்குப் பிறகு தாயும் தகப்பனும் நடுவே குஞ்சுகளை விட்டு நீந்துவதைப் பார்த்தால் காரணம் புரியும்.

மார்கழி, தை மாதங்களில் வலசைத் தாராக்களும் வந்திருக்கும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு அது பொருத்தம். ஆனால் மாரியில் வாவி பெருகி வரம்பும் வீதியும் மூழ்கும் நாட்களில் ஊரவர்களைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

எந்த நேரம்?

பகலில் தூங்கி இரவில் மேயும் பறவை இது. எனவே காலை பத்து மணிக்குப் போய், "சும்மா மிதந்துகொண்டே இருக்குது, ஒன்றும் செய்யவில்லை" என்று குறைப்படக்கூடாது. அது அதன் தூக்க நேரம்.

இரண்டு நேரங்கள் முக்கியம். விடியுமுன் வயலிலிருந்து குளத்துக்குத் திரும்பும் நேரம் ஒன்று. சூரியன் விழுந்து கொஞ்ச நேரத்தில் குளத்திலிருந்து வயலுக்குக் கிளம்பும் நேரம் மற்றது. மாலைக் கிளம்பலை ஒரு முறையாவது முழுதாகப் பாருங்கள். ஐந்து மணிக்கே இடம் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். சில இறகு கோதும், சில குளிக்கும், ஒன்றிரண்டு எழும்பிச் செட்டையை அடித்துவிட்டு மறுபடி அமரும். சீழ்க்கை கூடும். பிறகு நாலைந்து எழும்பிக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றும். சில நேரம் திரும்ப இறங்கிவிடும், சில நேரம் அந்தச் சுற்றிலேயே மற்றவையும் சேர்ந்து வயல் பக்கம் போகும். எந்தத் திசையில் போகின்றன என்று குறித்துவையுங்கள். அந்தத் திசையில்தான் அன்றைய தீனி இருக்கிறது. விதைப்பு நடக்கும் வட்டையோ, அறுவடை முடிந்த வட்டையோ, மழை தேங்கிய பள்ளமோ.

மரத்தில் தாரா இருக்குமா? பார்த்தேன் என்றால் யாரும் நம்பவில்லை.

இருக்கும். மரத்தாரா என்று ஊரில் சொல்வதும் அதனால்தான். குளத்துக்குள் நிற்கும் பட்டமரக் கிளையிலும், கரையோர மருதமரத்திலும் ஏறி உட்காரும். கூடும் பெரும்பாலும் மரப்பொந்தில், அல்லது கொக்கோ காகமோ விட்டுப்போன பழைய கூட்டில். வசதியான மரம் இல்லாத இடத்தில் தரையிலேயே பன்னுக்கும் புல்லுக்கும் நடுவே வைக்கும். முட்டை வெள்ளை. வழக்கமாக 7 முதல் 12 வரை. இரண்டும் மாறிமாறி அடைகாக்கும். 22 முதல் 24 நாளில் குஞ்சு வரும். மரத்தில் பொரித்த குஞ்சு பறக்கத் தெரியுமுன்னே கீழே குதித்துத் தண்ணீருக்கு நடந்துவிடும்.

வேறு எதனோடு குழம்ப வாய்ப்புண்டு?

குள்ளத்தாராவோடு. அதுவும் நம் ஊர்க்குளங்களில் நிலையாக வாழ்வது, 30 சென்ரிமீற்றரைத் தாண்டாதது, உலகின் மிகச் சிறிய தாரா வகைகளில் ஒன்று. ஆண் பளீரென்ற வெள்ளை, முதுகு மினுங்கும் பச்சை. தாமரை இலைகளுக்கு நடுவே இருக்கும். நிறத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

நீலச்சிறகி என்னும் வலசைத் தாரா சிரமம் தரும். அளவு ஏறக்குறைய இதேதான், வந்த புதிதில் ஆணும் பெண்ணும் மங்கிய மண்ணிறம். ஆனால் கழுத்துக் குட்டை, கண்ணின் ஊடாகக் கருங்கோடு ஓடும், பறக்கும்போது முன்செட்டை வெளிறித் தெரியும். தை, மாசியில் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை வந்துவிட்டால் பிறகு சந்தேகமே இல்லை. ஊசிவால் தாரா நீளத்தாலும் கூரிய வாலாலும் தனித்துத் தெரியும்.

தூரத்தில் நீரில் தாழ்ந்து மிதப்பது நீர்க்காகமாக இருக்கலாம். நனைந்த செட்டையை விரித்துக் காயவைத்தால் அது தாரா இல்லை.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

மீற்றர்க் கணக்கில் சொல்ல முடியாது, ஏனென்றால் வேட்டைக்குப் பழகிய குளத்துத் தாரா தூரத்திலேயே எழும்பும், கோயில் குளத்துத் தாரா பக்கத்தில் வரவிடும். பறவையையே பார்த்து முடிவெடுங்கள். தலையைச் செட்டைக்குள் செருகித் தூங்கினால் நீங்கள் நல்ல தூரத்தில் இருக்கிறீர்கள். கழுத்துகள் நேராக நிமிர்ந்து எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால், அந்த இடத்திலேயே நில்லுங்கள். மெதுவாக நீந்தி விலகத் தொடங்கினால் பின்வாங்குங்கள். எழும்பிவிட்டால் உங்கள் வருகை அவற்றின் ஓய்வைக் கெடுத்துவிட்டது என்று பொருள்.

பகல் ஓய்வு போனால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: இரவு முழுவதும் மேய்ந்த பறவை அந்தப் பகலில்தான் உடலைச் சரிப்படுத்துகிறது. ஒரு குளத்தில் ஒரே நாளில் மூன்று, நான்கு முறை கலைத்தால் அது இடத்தையே விட்டுப் போய்விடும். அருகே குஞ்சு இருந்தால் அதைவிட மோசம். பெற்றவை விலகும் சில நிமிடங்களில் பருந்தோ காகமோ இறங்கிவிடும்.

கைத்தொலைபேசியில் பதிவு செய்த சீழ்க்கையைப் போட்டுக் காட்டி வரவழைக்க வேண்டாம். கல்லெறிந்து பறக்கவைத்துப் படம் எடுக்கவே வேண்டாம். பறக்கும் படம் தேவையென்றால் மாலைவரை இருங்கள், தானாகப் பறக்கும். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் தாராக்கூட்டத்துக்கு மேலே விட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். மேலிருந்து வருவதெல்லாம் அவற்றுக்குப் பருந்துதான்.

என்ன கருவி வேண்டும்?

எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். பத்து மடங்கு கை நடுங்கினால் பயனில்லை. இல்லாவிட்டாலும் வாருங்கள், மாலைக் கிளம்பலுக்குக் கண்ணும் காதும் போதும். மங்கிய நிற உடுப்பு, தொப்பி, தண்ணீர், ஒரு கொப்பி, ஒரு பென்சில்.

தோணியில் போய்ப் பார்க்கலாமா?

வாவியின் திறந்த பகுதியில், துடுப்பால் வலிக்கும் தோணியில், கூட்டத்தை நேரே நோக்காமல் பக்கவாட்டாகப் போனால் பரவாயில்லை. இயந்திரப் படகு வேண்டாம். மீனவர் ஒருவரின் தோணியில் போனால் வலை கட்டியிருக்கும் இடமும் அவருக்குத் தெரியும், தாரா எங்கே கிடக்கும் என்பதும் தெரியும். அவர் நேரத்துக்கு நியாயமான கூலி கொடுங்கள்.

கமக்காரர்கள் இதை எதிரியாகப் பார்க்கிறார்களே. அது நியாயமா?

நியாயமான பகுதி உண்டு. முளைநெல்லைச் சேற்றில் வீசிய இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது வட்டையில் வெறும் இடங்கள் தெரியும். மறுபடி விதைநெல், மறுபடி கூலி. அந்த இழப்பைப் பறவை பார்ப்பவர் சிறிதாக்கிப் பேசக்கூடாது. கடன் வாங்கி விதைத்தவரிடம் போய்ப் பறவையின் அழகைச் சொல்வது பண்பல்ல.

ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. இதன் தீனி நெல் மட்டுமில்லை. நீர்ப்பூண்டு, களைவிதை, நத்தை, புழு, சிறுமீன், தவளை எல்லாம் தின்னும். அறுவடைக்குப் பிறகு வயலில் கிடக்கும் சிந்துமணியும் அதற்கு உணவு. ஆபத்துக் காலம் விதைத்து முளை வேர்பிடிக்கும்வரையான சில நாட்கள்தான். அந்த இரவுகளில் காவல் இருந்து வெளிச்சம் காட்டி எழுப்புவதும், விதைத்தவுடன் வயலில் நீர் தேங்காமல் வடியவிடுவதும், ஒரு வட்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விதைத்துக்கொள்வதும் இழப்பைக் குறைக்கும். பக்கத்து வயல்கள் முன்பின்னாக விதைத்தால் ஒவ்வொரு இரவும் ஒருவர் வயல் தாராவுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். விதைப்புத் தேதியைக் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானித்து, அதை எல்லோரும் காப்பாற்றினால், தாராத் தொல்லைக்கும் அது மருந்து.

நஞ்சு வைத்த நெல் மட்டும் ஒருபோதும் வேண்டாம். அதைத் தாராவோடு புறாவும் கோழியும் தின்னும், செத்ததை நாய் தின்னும், கழுவுண்டது வாய்க்காலுக்குப் போகும்.

முந்தி நாங்கள் பிடித்துச் சாப்பிட்டோம். இப்போது ஏன் கூடாது?

பழைய ஆட்களிடம் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இறைச்சி கிடைக்காத காலத்தில், சண்டை நடந்து வீதி மூடியிருந்த ஆண்டுகளில், கிடைத்ததைச் சமைத்தார்கள். இன்று நிலைமை வேறு. விற்பனைக்கென்று இரவில் வலை கட்டுகிறார்கள், முட்டையை அள்ளுகிறார்கள். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காட்டுப்பறவையைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும் உங்களை நீதிமன்றம் வரை கொண்டுபோகக்கூடிய செயல்கள். ஒரு சோடியைப் பிடித்தால் அந்த மாரியில் வரவேண்டிய ஒரு கூட்டுக் குஞ்சும் சேர்ந்து போகிறது. அடைகாப்பதில் இரண்டுக்கும் பங்கு இருப்பதால் ஒன்றைப் பிடித்தாலே கூடு கெட்டுவிடும்.

முட்டையை எடுத்துக் கோழிக்கு அடைவைத்து வளர்க்கலாமா? வீட்டுத்தாராவும் இதன் வழி வந்ததுதானே?

வளர்க்கக் கூடாது, வழி வந்ததும் இல்லை. நம் வீட்டுத்தாராக்களின் மூதாதை வட திசை நாடுகளின் பச்சைத்தலைத் தாரா. முகத்தில் சிவப்புத் தோல் உள்ள பெரிய தாரா தென் அமெரிக்கப் பக்கத்துக் காட்டினத்திலிருந்து வந்தது. சீழ்க்கைத் தாரா இவற்றிலிருந்து வெகுதூரம் விலகிய தனிக்கிளை.

குஞ்சுகள் வீதியைக் கடப்பதைக் கண்டால்?

வாகனத்தை நிறுத்தி, இரு பக்கமும் கைகாட்டி, தாமாகக் கடக்கவிடுங்கள். தூக்க வேண்டாம். கருமுதுகில் வெள்ளைப் பட்டை கொண்ட ஒரு குஞ்சு தனியே நின்று கத்தினால், விலகிப்போய் அரை மணி நேரம் பாருங்கள். பெரும்பாலும் பெற்றவை பன்னுக்குள்தான் நிற்கும், நீங்கள் போனதும் வரும்.

பாதுகாப்பு?

யானைதான் முதல். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் மாலைக்குப் பின் யானை வட்டைக்கு இறங்கும். தாரா கிளம்பும் நேரமும் யானை இறங்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால், அன்றைக்கு யானை எங்கே நின்றது என்று வாடியில் இருப்பவர்களைக் கேட்காமல் உட்காரவே கூடாது. இருளுமுன் வீதிக்கு வந்துவிடக்கூடிய இடமாகத் தெரிவு செய்யுங்கள். யானை வேலிக் கம்பியைத் தொடாதீர்கள்.

முதலை வாவியிலும் உண்டு, குளத்திலும் உண்டு. தண்ணீர் விளிம்பில் குந்தியிருக்க வேண்டாம், கட்டின் மேலே நில்லுங்கள். காலில் காயத்தோடு வயல்தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அடிக்கடி வயலில் இறங்குபவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்ததை எழுதி வைப்பதால் யாருக்குப் பயன்?

முதலில் உங்களுக்கு. நாள், நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு நின்றது, எத்தனை பறவை, குஞ்சு இருந்ததா, எந்தப் பக்கம் பறந்தன. இவ்வளவும் போதும். இரண்டு மாரி எழுதினால் உங்கள் குளத்தில் எந்த வாரம் கூட்டம் கலைகிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

பிறகு ஊருக்கு. ஒரு வில்லை மண்போட்டு நிரப்ப யாரோ வரும்போது, அது வெறும் பாழ்நிலம் என்றுதான் காகிதத்தில் இருக்கும். ஐந்து ஆண்டுப் பதிவு கையில் உள்ள பள்ளிக்கூடமோ கமக்காரர் அமைப்போ அங்கே வேறொரு காகிதத்தைக் காட்ட முடியும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. இலங்கையில் 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப் அதை முன்னெடுத்து வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கள பறவையியல் குழுவும் உண்டு. பறவைப் பதிவுகளுக்கான ஈ-பேர்ட் செயலியில் பதிந்தால் உலகில் எவரும் பார்க்கலாம். கூடு இருக்கும் சரியான இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

எண்ணுவதற்கு ஒரு வழி: கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவாக மறு ஓரம் வரை நகருங்கள். மூன்று முறை எண்ணி நடுத் தொகையை எழுதுங்கள். பன்னுக்குள் மறைந்தவை எப்போதும் விடுபடும்.

வலையில் சிக்கிய தாராவைக் கண்டால் என்ன செய்வது?

வாவியில் விட்டுப்போன தங்கூசி வலைத் துண்டுகளில் தாரா சிக்குவது வழக்கம். முக்குளித்துத் தீனி தேடும்போது தலை மாட்டிக்கொள்ளும். இழுக்காதீர்கள். ஒரு துணியால் தலையை மூடுங்கள், அமைதியாகும். செட்டை இரண்டையும் உடலோடு அணைத்துப் பிடித்து, வலையின் தங்கூசி நரம்பை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தோலுக்குள் இறங்கிய வலை நரம்பை நீங்கள் எடுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். காயமில்லையென்றால் காற்றுத்துளை போட்ட காகிதப் பெட்டியில் இருட்டாக வைத்து, மாலையில் அதே தண்ணீருக்கருகே திறந்துவிடுங்கள். செட்டை தொங்கினாலோ கால் முறிந்திருந்தாலோ வனவிலங்குத் திணைக்களத்தின் 1992 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் செத்திருந்தால் அது நஞ்சாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அன்றைக்கே பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, வீட்டுக்கோழிகளை அந்தப் பக்கம் போகவிடாமல் அடைத்து வையுங்கள். வெட்டியெடுத்த வலைத் துண்டையும் தண்ணீரில் திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள்.